பழியைக் குளிர்மேல் போட்டோம்: பத்ரிநாத்தில் ஓர் இரவு

அக்காவுக்கு வந்தது சர்க்கரைத் தாழ்வு. அத்தானுக்கு வந்தது சிறுநீர் அடைப்பு. என் மனைவிக்கு வந்தது மலை உயரம் கொடுக்கும் தலைவலி. அன்றிரவு எங்களிடம் கேட்டிருந்தால் மூன்றுக்கும் ஒரே பெயரைத்தான் சொல்லியிருப்போம்: குளிர்.

நான் 32 வருடம் அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அத்தானை அந்த நிலைமைக்குக் கொண்டுபோன மாத்திரையைக் கொடுத்ததே நான்தான். ஊர் திரும்பிய பிறகு, நடந்ததை மணி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எங்கே எதைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று அத்தானும் அக்காவும் உட்கார்ந்து திருத்தம் சொன்னார்கள். அந்த நோட்டிலிருந்து எழுதுகிறேன்.

யார், எங்கே, எதற்கு

நாங்கள் நான்கு பேர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். அத்தானுக்கு அப்போது 69 வயது. கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இரத்த அழுத்தத்துக்குக் காலையில் டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த ஒரு மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கு இரவில் டாம்சுலோசின். அக்காவுக்கு 66; சர்க்கரை வந்து 14 வருடம். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. எனக்கு 62, என் மனைவிக்கு 59. எங்கள் இருவருக்கும் தினசரி மாத்திரை எதுவும் கிடையாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அத்தானிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. 108 திவ்ய தேசங்களின் பெயரையும் வரிசையாக எழுதி, போய்வந்த கோயிலுக்கு நேரே தேதி போடுவார். நவதிருப்பதியில் தொடங்கி, சோழ நாடு, தொண்டை நாடு, மலை நாடு எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி வடநாட்டுத் திருப்பதிகள். கோல் ஊன்றி, இருமிக்கொண்டு, நடை தள்ளாடும் மூப்பு வருமுன் வதரியை, அதாவது பத்ரியை, வணங்குவோம் என்று திருமங்கையாழ்வார் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அத்தான் அதைச் சொல்லிச் சொல்லியே எங்களைக் கிளப்பினார். நாங்கள் கிளம்பியது அந்த மூப்பு வருமுன்னா, வந்த பிறகா என்பது இப்போதும் வீட்டில் முடியாத வாதம்.

2023 அக்டோபர் மூன்றாம் வாரம். மழைக்காலம் முடிந்து, நிலச்சரிவு குறைந்து, கூட்டமும் கலைந்திருக்கும் நேரம். நடை சாத்துவதற்குச் சில வாரங்களே இருக்கும். ஒரு பயண ஏற்பாட்டாளர் மூலம் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவாக டெம்போ டிராவலரில் போனோம். அவர்கள் தந்த படிவத்தில் உடல்நலத்துக்கு என்று ஒரே வரி இருந்தது: "ஏதேனும் நோய் உண்டா?" அத்தான் "இல்லை" என்று எழுதினார். பிரஷரும் புராஸ்டேட்டும் அவர் கணக்கில் நோய் இல்லை, வயசு.

குளிருக்கு நாங்கள் நன்றாகத் தயாராகத்தான் போனோம். ஆளுக்கு இரண்டு ஜோடி தெர்மல், ஸ்வெட்டர், மப்ளர், மங்கி குல்லா, கம்பளிச் சாக்ஸ். குளிர் என்றால் வெளியிலிருந்து வருவது, துணியால் தடுத்துவிடலாம் என்று நினைத்தோம். அது மாத்திரைப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் பாட்டிலுக்குள்ளும் புகுந்து வேலை செய்யும் என்ற எண்ணம் எங்களில் யாருக்கும் இல்லை. எனக்கும்தான்.

முதல் நாள்: தண்ணீர் குடிக்காத மனிதர்

ரிஷிகேஷிலிருந்து காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்பியது. தேவப்பிரயாகையில் தரிசனம். அப்புறம் ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, நந்தபிரயாகை என்று அலகநந்தாவை ஒட்டியே வளைந்து வளைந்து ஏறினோம். இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் தூரம், ஆனால் பதினோரு மணி நேரம் ஆயிற்று.

அன்று காலை அத்தான் பிரஷர் மாத்திரையைப் போடவில்லை. அதில் சிறுநீரை வெளியேற்றும் மருந்து இருப்பது அவருக்குத் தெரியும். தண்ணீரும் இரண்டு மடக்குக்கு மேல் குடிக்கவில்லை. கேட்டதற்கு, "மாப்ள, குடிச்சா வண்டிய நிறுத்தச் சொல்லணும். பன்னெண்டு பேர் முன்னாடி எத்தன தடவ கேக்க?" என்றார். நிறுத்திய இடங்களிலும் வரிசையைப் பார்த்துவிட்டு வண்டிக்கே திரும்பி வந்தார். பெண்கள் பாடு இன்னும் மோசம். அக்காவும் என் மனைவியும் காலையிலிருந்தே தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை.

இது வெட்கத்தில் வரும் சிக்கல். ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து போகும் எல்லாப் பயணங்களிலும் இது உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த ஓட்டுநரிடம் முதல் நாளே "ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், நாங்கள் கேட்கக் காத்திருக்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அவர் நல்ல மனிதர், நிறுத்தியிருப்பார்.

இரவு தங்கியது பீப்பல்கோட்டியில். வழக்கமாக ஜோஷிமட்டில்தான் தங்குவார்கள், அங்குள்ள நரசிம்மர் சந்நிதியும் திவ்ய தேசக் கணக்கில் வருவதுதான். ஆனால் அந்த வருடம் ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி, வீடுகளிலும் விடுதிகளிலும் விரிசல் விட்டிருந்தது. ஏற்பாட்டாளர் அங்கே தங்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். அந்த முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பீப்பல்கோட்டியின் உயரம் சுமார் 1,260 மீட்டர்தான். மறுநாள் பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர். இடையில் ஓர் இரவுகூட உயரத்துக்குப் பழகாமல் ஒரே காலையில் 1,800 மீட்டருக்கு மேல் ஏறப் போகிறோம் என்பதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

அன்றிரவு அத்தானுக்குத் தும்மல், மூக்கில் நீர். என் மருந்துப் பையில் ஒரு அட்டை சளி மாத்திரை இருந்தது. பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் மூன்றும் சேர்ந்தது. நம் ஊரில் எந்த மருந்துக் கடையிலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற வகை. ஒன்று கொடுத்தேன். காலையில் இன்னொன்று. "நல்லா அமுக்கிருச்சு மாப்ள" என்றார்.

இரண்டாம் நாள்: பத்ரி

பதினொன்றரை மணிக்கு பத்ரி சேர்ந்தோம். வெயில் அடித்தது, நீலகண்ட சிகரம் பளிச்சென்று தெரிந்தது. நிழலில் கால் வைத்தால்தான் குளிர் தெரியும். அலகநந்தாவின் பாலத்தைத் தாண்டினால் கோயிலுக்குக் கீழே தப்த குண்டம். கந்தக வாடையோடு ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்று. அதில் குளித்துவிட்டுத்தான் தரிசனத்துக்கு ஏறுவது வழக்கம்.

அத்தான் பத்து நிமிடத்துக்கு மேல் அதில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து படியேறியதும் கண் இருண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். வெந்நீரில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து கிடக்கும். டாம்சுலோசினும் குழாய்களைத் தளர்த்தும் மருந்துதான். சடாரென்று எழுந்தால் அழுத்தம் விழும். சிறிது நேரம் படியிலேயே உட்கார வைத்தேன், சரியாயிற்று. "குளிர்காத்து பட்டதுல கிறுகிறுன்னு வந்துருச்சு" என்றார். அன்றைக்குக் குளிர்மேல் விழுந்த முதல் பழி அது.

தரிசனம் திருப்தியாக நடந்தது. அதைப் பற்றி இங்கே எழுதவில்லை, அது அத்தானின் நோட்டில் இருக்கிறது.

மூன்று மணிக்கு மேல் வெயில் மலைக்குப் பின்னால் போனதும் ஊரே நிறம் மாறிவிட்டது. அறைக்குள்ளேயே வாய் திறந்தால் மூச்சு புகையாகப் போயிற்று. என் மனைவிக்குத் தலைவலி. குமட்டுகிறது, சாப்பாடு வேண்டாம் என்றாள். நான் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். அத்தானுக்கு மறுபடி மூக்கு ஒழுகியது, மூன்றாவது மாத்திரை கொடுத்தேன். அக்கா மாலை மாத்திரையை வழக்கம்போல ஏழு மணிக்குப் போட்டாள். ஏழரைக்குக் கிச்சடி வந்தது. இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "பசியே இல்ல தம்பி, வயிறு கம்முன்னு இருக்கு" என்று தட்டைத் தள்ளினாள்.

விடுதிப் பையன் தகர அங்கீட்டியில் கரி மூட்டி, கங்காகக் கொண்டுவந்து வைத்தான். அறைக்குள் வைத்து ஜன்னலைச் சாத்தினால் கதகதப்பாக இருக்கும் என்றான். இந்த ஒன்றில் மட்டும் நான் சரியாக நடந்துகொண்டேன். வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டேன். கரிக்கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அது கொடுக்கும் முதல் அறிகுறி தலைவலியும் குமட்டலும்தான். என் மனைவிக்கு ஏற்கனவே அந்த இரண்டும் இருந்தன. அங்கீட்டியும் உள்ளே இருந்திருந்தால், எது எதனால் என்று பிரித்துப் பார்க்க யாரும் விழித்திருக்க மாட்டோம். வடநாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிக் குடும்பமாகத் தூக்கத்திலேயே போனவர்களைப் பற்றிச் செய்தி வரும்.

இரவு

எட்டரை மணியிலிருந்து அத்தான் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். போகிறார், இரண்டு சொட்டு வருகிறது, திரும்புகிறார். "குளிருக்கு அப்படித்தான், அடிக்கடி வரும்" என்று அவரே சமாதானம் சொன்னார். நானும் தலையாட்டினேன். பதினொரு மணிக்கு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் குனிந்து உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வலியின் வேர்வை. கை வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே சுரைக்காய் போல கெட்டியாக மேடிட்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சிறுநீர் கழித்து மதியத்திலிருந்து பத்து மணி நேரம் ஆகிறது. அந்தச் சொட்டுகள் நிரம்பிய குடத்திலிருந்து வழிந்தவை.

யாத்திரைக் காலத்தில் அங்கே இயங்கும் மருத்துவ மையம் நடை தூரம்தான். விடுதிப் பையனும் நானும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு போனோம். இளம் மருத்துவர், முப்பது வயதுகூட இருக்காது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிரஷர் பார்த்தார், 180-க்கு 100. நிமிர்ந்து ஒரே கேள்வி கேட்டார்: "ஜுகாம் கி கோலி?" சளி மாத்திரை ஏதாவது போட்டாரா என்று அர்த்தம். என் ஹிந்தி மோசம், ஆனால் அது புரிந்தது. பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். மூன்று குழி காலியாக இருந்தது. நான் என்ன வேலை பார்த்தவன் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

டியூப் போட்டார்கள். ஒரு லிட்டருக்கு மேல் வெளியேறியது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு "நாராயணா" என்றார். கோயிலில்கூட அவர் அவ்வளவு உருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்றரை மணிக்கு அறைக்குத் திரும்பினோம். அங்கே இன்னொன்று காத்திருந்தது.

அக்கா நடுங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி இரண்டு ரஜாய் போர்த்தி, மேலே என் ஸ்வெட்டரையும் போட்டிருந்தாள். வெடவெட என்று நடுக்கம். அக்கா ஏதோ பேசினாள், வார்த்தை குழறியது. "பஸ்ஸு போயிருச்சா, அம்மாட்ட சொல்லிட்டியா" என்றாள். அம்மா போய் இருபது வருடம். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, குளிர் தலைக்கு ஏறிவிட்டது, இன்னொரு ரஜாய் கேளுங்கள் என்றார். நானும் அதைக் கேட்கத்தான் கிளம்பினேன். என் மனைவி அக்காவின் கழுத்தடியில் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, மைனிக்கு முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு. குளிர்ல நடுங்குறவங்களுக்கு வேர்வை ஏது?"

அந்த இரவின் திருப்பம் அந்தக் கேள்விதான். படித்ததை எல்லாம் மறந்து நான் ரஜாய் தேடிப் போக இருந்தேன்; மருந்தியல் ஒரு எழுத்தும் தெரியாத அவள் பிடித்தாள்.

குளுக்கோமீட்டரை எடுத்தேன். பெட்டியின் வெளிப்பையில் சாயங்காலத்திலிருந்து கிடந்தது. ஸ்ட்ரிப்பைச் செருகியதும் பிழைக்குறி காட்டி நின்றுவிட்டது. பெரும்பாலான வீட்டு மீட்டர்கள் ஏறத்தாழ 10 முதல் 40 டிகிரி வரையில்தான் வேலை செய்யும். சரி, அளவு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, ஃபிளாஸ்க் வெந்நீரில் நான்கு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து, அக்காவை நிமிர்த்தி உட்கார வைத்து, விழுங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். மீட்டரை என் அக்குளில் வைத்துச் சூடாக்கினேன். பத்து நிமிடம் கழித்து அளவு 61. சர்க்கரை உள்ளே போன பிறகே 61 என்றால், அதற்கு முன்னால் என்னவாக இருந்திருக்கும்? இன்னொரு டம்ளர். மூன்று மணிக்கு 124. பிஸ்கட்டும் பாலும் கொடுத்தோம். "எதுக்கு எல்லாரும் முழிச்சிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் ஒன்றும் கையில் இருந்தது. அக்காவின் விரலில் மாட்டினால் 78 காட்டியது, எனக்கு உயிரே போயிற்று. விரல் ஐஸ் கட்டியாக இருந்ததைக் கவனித்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பார்த்தால் 89. அந்த உயரத்துக்கு அது சாதாரணம். விறைத்த விரலில் இரத்தம் ஓடாது. ஓடாத இடத்தில் கருவி என்னத்தை அளக்கும்?

விடிந்ததும் கீழே இறங்கினோம். ஓட்டுநர் இரவில் மலையிறங்க மறுத்தது சரிதான், அந்தப் பாதையை அவர் அறிவார். என் மனைவியின் தலைவலி பீப்பல்கோட்டி வரும்போது சுத்தமாகப் போய்விட்டது. ஒரு மாத்திரையும் போடவில்லை. இறங்கியதும் போகிற தலைவலி உயரத்தால் வந்தது. ரிஷிகேஷில் சிறுநீரகவியல் மருத்துவர் ஒருவரைப் பார்த்து, டாம்சுலோசினைத் தொடர்ந்து கொடுத்து, மூன்றாம் நாள் டியூபை எடுத்துப் பார்த்தார்கள். அத்தானுக்குத் தானாகவே போயிற்று. அந்தச் செய்தியை அக்கா ஊருக்குப் போன் போட்டு ஒன்பது பேரிடம் சொன்னாள்.

நோட்டில் எழுதிய காரணங்கள்

அத்தானின் கணக்கு முதலில். புராஸ்டேட் வீங்கியவருக்கு மூத்திரப்பையின் வாய் ஏற்கனவே இறுகலாக இருக்கும். டாம்சுலோசின் அந்த வாயின் தசையைத் தளர்த்துகிறது. மூக்கடைப்பைக் குறைக்கிற ஃபினைலெஃப்ரின் அதே தசையை இறுக்குகிறது. மூக்கில் நீரை வற்ற வைக்கிற குளோர்ஃபெனிரமின், பை சுருங்கி நீரை வெளியே தள்ளும் வேகத்தைக் குறைக்கிறது. அதாவது இரவில் ஒரு மாத்திரையால் கதவைத் திறந்துவிட்டு, அதே ஆளுக்கு இன்னொரு மாத்திரையால் தாழ்ப்பாள் போட்டேன், போதாததற்குத் தள்ளுகிறவன் கையையும் கட்டினேன். ஃபினைலெஃப்ரின் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அவரோ பிரஷர் மாத்திரையை இரண்டு நாளாக நிறுத்தியிருந்தார். குளிரும் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும், அதன்மேல் வலி வேறு. 180 வந்ததில் ஆச்சரியமில்லை.

தண்ணீரே குடிக்காதவருக்கு ஒரு லிட்டர் எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. குளிர் பட்டால் தோலில் ஓடும் இரத்தம் உள்ளே தள்ளப்படும். உள்ளே இரத்தம் கூடியதும், நீர் அதிகமாகிவிட்டது என்று எண்ணி உடம்பு அதைச் சிறுநீராக இறக்கிவிடும். உயரமான இடமும் அதையே செய்யும். தாகமோ குளிரில் தெரியாது, வயதானால் இன்னும் தெரியாது. ஆக, உடம்பு வறண்டுகொண்டே போகும்போது பை நிரம்பிக்கொண்டே வரும். வண்டியில் மணிக்கணக்கில் அடக்கி வைத்ததில் பை விரிந்து சோர்ந்தும் போயிருந்தது.

அக்காவின் கணக்கு எளிது. கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். உயரத்தில் பசி மந்திக்கும். பகல் முழுக்கப் படியேறி நடந்திருக்கிறாள், நடுக்கமும் சர்க்கரையைத் தின்னும். சிக்கல் எங்கே என்றால், சர்க்கரைத் தாழ்வின் அறிகுறிகளும் குளிரின் அறிகுறிகளும் ஒரே உடையில் வருகின்றன. நடுக்கம், குழறல், தடுமாற்றம், சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனவருக்கும் வரும். வேர்வை ஒன்றுதான் அன்று காட்டிக்கொடுத்தது. நம் வீட்டு பாதரச வெப்பமானியை நம்பியும் பயனில்லை. அதன் கோடே 94 ஃபாரன்ஹீட்டில்தான், அதாவது ஏறக்குறைய 34 டிகிரியில்தான், தொடங்கும். அது காய்ச்சலை அளக்கச் செய்தது.

எது என்று தெரியாவிட்டால் என்ன செய்வது? விழித்திருக்கிறார், விழுங்க முடிகிறது என்றால் முதலில் சர்க்கரை. குளிரில் விறைத்தவருக்கு இனிப்பான வெந்நீரால் கெடுதல் எதுவும் வராது. சர்க்கரை இறங்கியவரைப் போர்வைக்குள் மூடிவிட்டு விடியட்டும் என்று இருந்தால் விடியாமலே போகலாம்.

என் மனைவியின் கணக்கு வெறும் உயரக் கணக்கு. 3,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். 3,000-க்கு மேல் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள் என்பது மலையேறுகிறவர்களின் பொது விதி. வண்டியில் ஏறுகிற நமக்கு அந்த விதி பொருந்தாது என்று ஏனோ நினைத்துக்கொள்கிறோம். நடந்து ஏறுகிறவனுக்கு உடம்பு பழக நாள் கிடைக்கிறது. டெம்போவில் ஏறுகிறவனுக்கு அது கிடைப்பதில்லை. அவளுக்கு லேசானதோடு போயிற்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ காலை வரை காத்திருக்கவே கூடாது. ஆக்ஸிஜன் வேண்டும், உடனே இறங்க வேண்டும்.

குழுவில் இருந்த இன்னொரு பெரியவரைப் பற்றியும் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. அவருடைய இன்சுலின் பேனா வண்டியின் மேல் கட்டிய பெட்டியில் இரவு முழுக்கக் கிடந்தது. காலையில் உறைந்திருந்தது, வெயிலில் வைத்ததும் உருகிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் குப்பைக்குத்தான். நல்லவேளை, கைப்பையில் வேறொன்று வைத்திருந்தார்.

அடுத்த ஆண்டு

இதோடு அத்தான் நோட்டை மூடிவிடுவார் என்று நினைத்தோம். 2024 ஏப்ரலில் நேபாளத்து முக்திநாத் என்றார். திருச்சாளக்கிராமம், 3,700 மீட்டருக்கு மேல். பத்ரியைவிட 600 மீட்டர் கூடுதல்.

இந்தத் தடவை முதலில் மருத்துவர்களிடம் போனோம். அக்காவின் மருத்துவர் பயண நாட்களுக்கு மாலை கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு வில்டாகிளிப்டின் எழுதினார். சாப்பிடாவிட்டால் எந்த மாத்திரையை விட வேண்டும், வாந்தி வந்தால் எதை நிறுத்த வேண்டும் என்று தாளில் தமிழிலேயே எழுதி வாங்கினோம். அத்தானின் பிரஷர் மாத்திரையை, நீர் இறக்கும் மருந்து சேராத ஒன்றாக மாற்றினார்கள், எனவே வண்டிக்குப் பயந்து அவர் அதை விடவில்லை. உயரத்துக்கான அசிட்டசோலமைடு பற்றியும் கேட்டோம். அதுவும் சிறுநீரை அதிகமாக்கும் என்றதும் அத்தான் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். மெதுவாக ஏறுவதே போதும் என்று முடிவாயிற்று.

குழுவோடு போகவில்லை. நாங்கள் நால்வரும் தனி வண்டி, எங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தம். செலவு கூடுதல்தான். பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம் இருபது நிமிடம். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று கிளம்பிவிடுமாம், அதனால் விமானங்கள் விடியற்காலையோடு சரி. ஜோம்சோம் சுமார் 2,700 மீட்டர். அங்கே இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் காலை ஜீப்பில் முக்திநாத் போய், தரிசனம் முடித்து மாலைக்குள் ஜோம்சோமுக்கே இறங்கிவிடுவது திட்டம். மேலே தூங்கவே இல்லை.

கோயிலுக்குப் பின்னால் பிறை வடிவில் 108 நீர்த்தாரைகள். ஒவ்வொன்றின் கீழும் தலையைக் கொடுத்து ஓடுகிறார்கள், முடிவில் இரண்டு குளங்களில் முங்குகிறார்கள். பனியுருகிய தண்ணீர். திடீரென்று அந்தக் குளிர் உடம்பில் பட்டால் மூச்சு அடைத்து இழுக்கும், அழுத்தம் எகிறும், இதயத்தின் தாளம் தப்பலாம். அத்தானிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவரே நின்று பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தாரையிலும் விரலை நனைத்துத் தலையில் தெளித்தபடி 108-ஐயும் நடந்து முடித்தார். "புரோட்சணம் பண்ணாலும் அதே பலன்தான்" என்றார். அக்கா அவர் பின்னாலேயே நடந்தாள். அவள் ஸ்வெட்டருக்குள், ஜாக்கெட்டை ஒட்டிய உள்பையில் குளுக்கோமீட்டர் கதகதப்பாக இருந்தது. தரிசனம் முடிந்து பார்த்தாள், 142.

அன்றிரவு ஜோம்சோமில் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. அத்தானுக்கு அடுத்தடுத்து ஏழெட்டுத் தும்மல். மூக்கைத் துடைத்துக்கொண்டே என் மருந்துப் பையைத் திறந்து குடைந்தார்.

"மாப்ள, என்ன இது, வெறும் பாராசிட்டமாலும் உப்புத்தண்ணி டிராப்ஸும்தான் கெடக்கு. மூக்குக்கு வேற ஒண்ணும் கொண்டு வரலையா?"

"இல்ல அத்தான்."

சிறிது நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் உப்புத்தண்ணீரை எடுத்து மூக்கில் விட்டுக்கொண்டு, ஃபிளாஸ்கைத் தன் பக்கம் இழுத்து ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றினார்.